தூங்காத கணினியும் நான்கு பேர் பொறுப்பும்

அப்டேட் ஏறிய மறுநாள், மூடி வைத்த மடிக்கணினி பைக்குள்ளேயே சூடாகிக் கிடக்கிறது. காலையில் திறந்தால் பேட்டரி காலி. உலகெங்கும் விண்டோஸ் பயனாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் புகார் இது. கேட்டால், இயங்குதளக்காரர் சாதனங்களை இயக்கும் டிரைவர் மென்பொருளைக் கைகாட்டுகிறார். கணினி தயாரிப்பாளர் அப்டேட்டைக் கைகாட்டுகிறார். அலுவலக ஐடி பிரிவு, ‘ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள்’ என்கிறது. இந்தக் கைகாட்டல் முடிவுக்கு வர வேண்டும்.

கணினி தூங்குவது தனியொருவர் வேலையல்ல. மூடியைச் சாத்தியதும் சாதனங்களை அடக்கச் சொல்லி டிரைவர்களுக்கு உத்தரவு போகிறது. வைஃபை, கிராஃபிக்ஸ், ஆடியோ எல்லாம் இணங்கி, கணினியின் அடிப்படை மென்பொருளான பயாஸும் ஒத்துழைத்தால்தான் தூக்கம். இந்த ஏற்பாடே கூடிப் பேசிப் பிறந்ததுதான். 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற பொது விதிமுறையை வெளியிட்டன. அதில் சொல்லப்பட்ட எஸ்3 நிலையில் ரேமுக்கு மின்சாரம் இருக்கும். ஏறக்குறைய மற்ற எல்லாம் அணைந்துவிடும். பின்னர் வந்த மாடர்ன் ஸ்டாண்ட்பை அப்படியல்ல. திரை அணைந்தாலும் கைபேசியைப் போல உள்ளே அரைவிழிப்பு தொடரும். அங்கே ஒரு டிரைவர் முரண்டு பிடித்தாலே பேட்டரி கரைந்துவிடும்.

எரிச்சலில் பலர் அப்டேட்டையே நிறுத்திவிடுகிறார்கள். அது ஆபத்து. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற கணினிப் புழு பரவியபோது, பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள்கூடத் தள்ளிப்போயின. அது புகுந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் 14 அன்றே வெளிவந்திருந்தது. தூக்கத்துக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க முடியாது. இரண்டையும் சேர்த்துக் கேட்பதே நியாயம்.

பயனாளர் தம் பங்குக்குக் காரணத்தைத் தேடலாம். அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ‘பவர்சிஎஃப்ஜி’ கட்டளையை ‘ரிக்வெஸ்ட்ஸ்’ என்ற தேர்வோடு ஓட்டினால், தூக்கத்தைத் தடுப்பது எது என்று பட்டியல் வரும். ‘சிஸ்டம்’ என்ற தலைப்பின்கீழ் ஆடியோ டிரைவரின் பெயர் இருந்தால், ஏதோ ஒரு பிரவுசர் டேபோ மீட்டிங் செயலியோ ஒலியைப் பிடித்துவைத்திருக்கலாம். அதை மூடிவிட்டு மறுபடி பாருங்கள். தூங்கிய கணினி தானாக விழித்தால், அதே கட்டளையின் ‘லாஸ்ட்வேக்’ தேர்வு கடைசியாக எழுப்பியது எது என்று காட்டக்கூடும். டிரைவர் மாறிய பிறகு கோளாறு தொடங்கியிருந்தால், டிவைஸ் மேனேஜரில் பழைய டிரைவருக்குத் திரும்ப வழி உண்டு. கோளாறு தீரும்வரை, பையில் வைக்கும் முன், வேலையை வட்டில் சேமித்துக் கணினியை அணைக்கும் ஹைபர்நேட் செய்வது நல்லது. புகார் அனுப்பும்போது கணினியின் மாடல், அப்டேட் எண், இந்தப் பட்டியல் மூன்றையும் சேர்த்தனுப்புங்கள். ‘ஸ்லீப் ஆகவில்லை’ என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு எந்தப் பொறியாளரும் கோளாறைக் கண்டுபிடிக்க முடியாது.

அலுவலக ஐடி பிரிவுகள் எல்லாக் கணினிகளிலும் ஒரே நாளில் அப்டேட்டை ஏற்றக் கூடாது. வெவ்வேறு மாடல்களில் சிலவற்றைத் தேர்ந்து, ஓர் இரவு மூடி வைத்து, காலையில் பேட்டரி அளவைப் பார்த்த பிறகு மற்றவற்றுக்குப் போகலாம். தயாரிப்பாளர்கள் விற்பனையோடு கைகழுவாமல், பழைய மாடல்களுக்கும் பயாஸ், டிரைவர் திருத்தங்களைத் தர வேண்டும். இயங்குதள நிறுவனங்கள் மின்சேமிப்பில் எதை மாற்றினாலும் வெளிப்படையாக அறிவித்து, தூக்கத்தைத் தடுக்கும் செயலியின் பெயரை, கட்டளை தெரியாதவருக்கும் திரையிலேயே காட்ட வேண்டும்.

தனித்தனி நிறுவனங்கள் 1996-இல் ஒரே மேசையில் உட்கார்ந்து பொது விதி எழுத முடிந்தது. அந்த விதி ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் செயல்படுகிறதா என்று சேர்ந்து சோதித்து, முடிவைப் பொதுவில் வைக்க இன்றும் முடியும். அதைக் கேட்பது நம் உரிமை. துல்லியமான புகாரோடு கேட்பது நம் கடமை.