சொகுசு வண்டியும் சொக்கும் கண்களும்

கல்யாண வீடுகளில் இப்பொழுது புதிதாக ஒரு பெருமை பேசப்படுகிறது. முன்பெல்லாம் என்ன சீர், எத்தனை பந்தி என்று பேசுவார்கள். இப்பொழுது, "ராத்திரி பத்து மணிக்குச் சென்னையில் கிளம்பினோம், காலை எட்டு மணிக்கு நாகர்கோவிலில் இட்லி சாப்பிட்டோம்!" என்கிறார்கள். கேட்பவர்கள் மூக்கின் மேல் விரலை வைக்கிறார்கள். "என்ன வண்டி?" என்பதுதான் அடுத்த கேள்வி. "ஓட்டியவர் எப்பொழுது தூங்கினார்?" என்று ஒருவராவது கேட்பதில்லை.

கேட்க வேண்டிய கேள்வி அதுதான் என்பது என் கட்சி.

கடகடத்த காலம்

டீஸல் வண்டி என்றால் ஒரு காலத்தில் சத்தம் என்று அர்த்தம். பெட்ரோல் யந்திரத்தில் மின்பொறி தட்டி எரிபொருள் பற்றுகிறது. டீஸலில் பொறி கிடையாது. காற்றைப் பதினைந்து, இருபது மடங்கு அழுத்தினால் அது கொதிக்கிறது. அதில் எண்ணெயைப் பீச்சியவுடன் தானே பற்றிக்கொள்கிறது. ருடால்ஃப் டீஸல் என்ற ஜெர்மானியர் 1897-ல் ஓட்டிக் காட்டிய வித்தை இது. அந்த அழுத்தத்தின் பலன் இழுவை. அதன் தொல்லை அதிர்ச்சியும் ஓசையும்.

1994-ல் டாட்டா சுமோவும், 1998-ல் சபாரியும், 2002-ல் மஹிந்திரா ஸ்கார்ப்பியோவும் வந்தன. குடும்பத்தோடு நெடுந்தூரம் போகிற ஆசை வளர்ந்தது. எண்ணெயை மிகுந்த அழுத்தத்தில், சிறு சிறு துளிகளாக, கணக்காகப் பீச்சும் 'காமன் ரெயில்' முறை பரவியதும் கடகடப்பு அடங்கியது. இன்றைய உயரமான எஸ்.யு.வி. வண்டிகளில் நூறு கிலோமீட்டர் வேகத்திலும் யந்திரம் மெதுவாகவே சுழல்கிறது. அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதில்லை. ஆட்டோமாட்டிக் ஆனால் அந்தக் கவலையே இல்லை. பள்ளம் மேடு தெரியாத ஆசனம், குளிர்ந்த காற்று, மெல்லிய பாட்டு. பின்னால் இருப்பவர்களுக்கு இது சொர்க்கம்.

ஓட்டுகிறவருக்கு?

இந்தச் சௌகரியத்தை நான் குறை சொல்ல வரவில்லை. முதுகு வலியும், காதிரைச்சலும், முழங்கால் பிடிப்பும் இல்லாமல் எழுநூறு கிலோமீட்டர் போவது பெரிய பாக்கியம். வயதான தாயாரைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போனவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால், பழைய வண்டி களைப்பைச் சொல்லிவிடும். கை வலிக்கும், காது அடைக்கும், நிறுத்தத் தோன்றும். புதிய வண்டி களைப்பைப் போக்குவதில்லை, மறைக்கிறது. களைப்பு வேறு, தூக்கம் வேறு. நல்ல ஆசனம் உடம்பு நோவைக் குறைக்குமே தவிர, கண்ணின் தூக்கத்தைக் குறைக்காது.

சொல்லப்போனால் கூட்டவும் செய்யும். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள், வண்டி ஓட்டும்போது உண்டாகும் மெல்லிய, தாழ்ந்த அதிர்வுகளை மட்டும் தனியாகச் சோதித்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். நன்றாகத் தூங்கி எழுந்தவர்களுக்கும் பதினைந்தே நிமிஷத்தில் சொக்கல் தொடங்கியது. தொட்டில் ஆட்டிய நம் பாட்டிமார்களுக்கு இது செய்தியே அல்ல!

இன்னொன்று, ஏ.ஸி. காற்று. வெளிக்காற்றை அடைத்து உள்காற்றையே சுழல விட்டு ஐந்தாறு பேர் மணிக்கணக்கில் மூச்சு விட்டால், உள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். தலை கனக்கும், கொட்டாவி வரும். மேலும், ஆசனம் உயரமாக இருப்பதால் சாலை விலகித் தெரிகிறது. வேகம் உள்ளதைவிடக் குறைவாகவே தோன்றுகிறது.

துவரங்குறிச்சிக்கு முன்னால்

இதையெல்லாம் புத்தகத்தில் படித்து மட்டும் எழுதவில்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு கல்யாணத்துக்காக நாகர்கோவில் கிளம்பினோம். அத்தான் ஓட்டினார். அவர் காலை ஆறு மணிக்கு எழுந்து, ஆபீஸ் போய் வந்து, இரவு பத்து மணிக்கு ஸ்டீரிங்கைப் பிடித்தவர். விழுப்புரம் வரையில் கல்லூரிக் கதைகள் சொன்னார். திருச்சி தாண்டியதும் நான் கண்ணயர்ந்தேன். முன் ஆசனத்தில் இருந்தவன் நான், செய்யக்கூடாத காரியம்.

விடியற்காலை நாலு மணி இருக்கும். விராலிமலை கடந்து துவரங்குறிச்சியை நெருங்கிக்கொண்டிருந்தோம். பின்னால் இருந்த என் தாயார், "மாப்பிள்ளை, ஒரு காப்பி சாப்பிட்டுப் போகலாமே" என்றார்கள். பதில் இல்லை. "மாப்பிள்ளை!" என்று உரக்கக் கூப்பிட்டார்கள். அதே நேரம் சக்கரங்களுக்கடியில் தடதடவென்று ஓசை. வண்டி, சாலை ஓரக் கோட்டைத் தாண்டி மண்ணில் இறங்கியிருந்தது. முன்னால், இருநூறு அடி தூரத்தில், விளக்கில்லாத லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது.

அத்தான் விழித்துக்கொண்டார். நல்ல வேளையாக ஸ்டீரிங்கை வெடுக்கென்று ஒடிக்கவில்லை. உயரமான வண்டியை அந்த வேகத்தில் ஒடித்தால் அது உருளவும் கூடும். பிரேக்கை அழுத்தினார், நின்றது. யாரும் பேசவில்லை. பிறகு தாயார் சொன்னதுதான் இன்றுவரை காதில் இருக்கிறது: "வண்டி அலுங்காமத்தான் போச்சு. மாப்பிள்ளை பேச்சை நிறுத்தி அரை மணி நேரம் ஆச்சே என்றுதான் கூப்பிட்டேன்."

ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தி, இரண்டு மணி நேரம் அத்தானைத் தூங்கவிட்டோம். முகூர்த்தத்தைப் பார்க்கவில்லை, பந்தியில்தான் உட்கார்ந்தோம். சொந்தக்காரர்கள் குறை சொன்னார்கள். சொல்லட்டும்!

மாலையா, வசவா?

மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் பாய்கிறது. நாலு விநாடி கண் அயர்ந்தால், நூறு மீட்டருக்கு மேல் ஓட்டுவாரில்லாத வண்டி ஓடுகிறது. தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருந்தவரின் கை, கண், கவனம் எல்லாம், நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் கலந்தவருடைய நிலைக்கு வந்துவிடுகின்றன என்று 1997-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் கண்டார்கள். நம் நாட்டுச் சட்டம் ஓட்டுகிறவருக்கு விதித்திருக்கும் எல்லையோ 30 மில்லிகிராம்தான். குடித்துவிட்டு ஓட்டுகிறவரை வைகிறோம். தூங்காமல் ஓட்டுகிறவருக்கு மாலை போடுகிறோம். இது என்ன நியாயம்?

2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டுச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். விபத்துக்களின் எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. அவற்றுள் தூக்கத்தால் வந்தவை எத்தனை என்று பிரித்துச் சொல்வது கடினம். தூங்கியதற்குச் சாட்சி ஏது?

"புதிய வண்டிகளில் கோட்டைத் தாண்டினால் மணி அடிக்கிறதே!" என்பார்கள் நண்பர்கள். அடிக்கட்டும், நல்லதுதான். ஆனால் மணி எழுப்புமே ஒழிய, உங்களுக்காகத் தூங்கித் தராது.

வாடகை வண்டி எடுப்பவர்களின் பொறுப்பு இன்னும் பெரியது. நாள் முழுவதும் கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு, இரவில் நாம் ஓட்டல் அறையில் படுக்கிறோம். டிரைவர் ஆசனத்திலேயே மடங்கிக் கிடக்கிறார். விடிந்ததும் அவரிடம் நம் பிள்ளைகளை ஒப்படைக்கிறோம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளருக்காக 1961-ல் வந்த சட்டம், நாளுக்கு எட்டு மணி வேலை, ஐந்து மணி நேரத்துக்குள் அரை மணி ஓய்வு என்று வகுத்தது. அறுபது வருஷத்துக்கு முன்பே நாடு ஒப்புக்கொண்ட நியாயத்தை, ஒரு கட்டில் வாடகைக்குக் கணக்குப் பார்த்து மறக்கலாமா?

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். முதல் நாள் இரவு நன்றாகத் தூங்கி, விடியற்காலையில் கிளம்புங்கள். இரவு இரண்டு மணி முதல் ஆறு மணி வரையிலும், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும் உடம்பு தானே தூக்கத்தைத் தேடும். அந்த நேரங்களில் மிகவும் ஜாக்கிரதை. இரண்டு மணிக்கொரு தரம் இறங்கி நடங்கள். வெளிக்காற்று உள்ளே வரட்டும். கண் எரிந்தால் கண்ணாடியை இறக்குவதும் பாட்டை உரக்க வைப்பதும் வீண். ஒரு காப்பி சாப்பிட்டுவிட்டு இருபது நிமிஷம் தூங்குங்கள். காப்பி வேலை செய்யத் தொடங்கும்போது நீங்கள் எழுந்துவிடலாம். முன் ஆசனத்தில் இருப்பவர் தூங்கவே கூடாது. அவர் பிரயாணி அல்ல, காவல்காரர்.

அடுத்த கல்யாண வீட்டில் யாராவது, "பத்தே மணி நேரம்!" என்று மார்தட்டினால், என்ன வண்டி என்று கேட்காதீர்கள். எங்கே நிறுத்தினீர்கள், எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி நாலு வீடுகளில் எழுந்தால் போதும். இந்தப் பெருமை தானே அடங்கிவிடும்.