நடு ஸ்பீக்கர் யாருக்குப் பேசுது?

போன வருசம் வென்ட்வர்த்வில்லில் வீடு வாங்கினபோது, கராஜுக்குப் பக்கத்தில் ஒரு அறை சும்மா கிடந்தது. நாலு மீட்டர் நீளம், மூன்றரை மீட்டர் அகலம். "தியேட்டர் ரூம் ஆக்குவம்" என்று பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். எனக்கும் ஆசைதான். சின்ன வயதில் அப்பா வாடகைக்கு எடுத்துவரும் வீடியோ கசெட்டும், ஒரே சோபாவில் நெருக்கிக்கொண்டு இருந்து பார்த்ததும் ஞாபகம் வந்தது.

75 அங்குல டிவி, ரிசீவர், 5.1 ஸ்பீக்கர் செட் எல்லாம் வாங்கினோம். முதல் நாள் ஒரு புதுப்படம் போட்டோம். சண்டைக் காட்சியில் ஜன்னல் அதிர்ந்தது. பிள்ளைகளுக்குப் பெரிய சந்தோசம். அம்மா மட்டும் இரண்டு நிமிசத்துக்கு ஒருக்கா, "என்னவாம்? என்ன சொல்லுறார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தா. பிள்ளைகள் ஆங்கில சப்டைட்டிலை வாசித்து, அவவுக்கு ஆங்கிலத்திலேயே சொன்னார்கள். அரை மணித்தியாலத்தில், "நீங்கள் பாருங்கோ, எனக்கு நித்திரை வருது" என்று எழும்பிப் போய்விட்டா.

அம்மாவின் காதில்தான் குறை என்று நினைத்தேன். அடுத்தநாள் சப்டைட்டிலை நிறுத்திவிட்டு அதே காட்சியைத் தனியாகப் பார்த்தேன். எனக்கே பாதி விளங்கவில்லை! இங்கே வளர்ந்த நான், இவ்வளவு காலமும் தமிழ்ப் படத்தை வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

5.1 என்றால் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும். அதில் பேச்சு பெரும்பாலும் வருவது நடு ஸ்பீக்கரில். நாங்கள் அதை டிவி மேசையின் உள்தட்டில் தள்ளி வைத்திருந்தோம். அது எங்கள் முழங்காலுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தது.

பிறகு நாங்கள் செய்தது இவ்வளவுதான்:

நடு ஸ்பீக்கரை மேசை விளிம்புக்கு இழுத்து, முன்பக்கம் சின்ன ரப்பர் துண்டு கொடுத்து, காதைப் பார்க்கிற மாதிரிச் சரித்தோம். ரிசீவரில் அதன் அளவை 3 டெசிபெல் கூட்டி, சப்வூஃபரைக் குறைத்தோம். இரவு நேரத்துக்கான 'நைட் மோட்' போட்டால் வெடிச்சத்தம் அடங்கும், மெதுவான பேச்சு மேலே வரும்.

டைல்ஸ் தரையிலும் வெறும் சுவரிலும் குரல் பட்டுத் தெறிக்கும். தடித்த கம்பளமும் திரைச்சீலையும் போட்டதும் பேச்சு துலங்கியது.

திரையின் மூலைக்கு மூலை அளவைப்போல 1.2 முதல் 1.6 மடங்கு தூரத்தில் இருந்து பார்ப்பது நல்லது. 75 அங்குலத்துக்கு அது 2.3 முதல் 3 மீட்டர். பின்சுவரோடு ஒட்டி இருந்தால் பாஸ் சத்தம் குமுறும், அதனால் இருக்கைகளைக் கொஞ்சம் முன்னே கொண்டுவந்தோம். சாய்வு நாற்காலிகளை வேண்டாம் என்றுவிட்டு, அம்மா கைபிடித்து எழும்பக்கூடிய நாற்காலியை நடுவில் போட்டோம். கதவோரம் சின்ன விளக்குக்கு ஒரு பவர் பாயின்ட் தேவைப்பட்டது. அதற்கு லைசன்ஸ் உள்ள எலெக்ட்ரீசியனைத்தான் கூப்பிட வேண்டும். இங்கே நாங்களாகவே வயரிங் செய்வது சட்டப்படி குற்றம்.

போன சனிக்கிழமை அம்மா கேட்டபடி 'பராசக்தி' போட்டோம். 1952இல் வந்த படம், மோனோ ஒலி. ரிசீவரில் சரவுண்ட் மோட் போட்டதும் பேச்சு முழுக்க நடு ஸ்பீக்கருக்கு வந்தது. சப்டைட்டில் இல்லை. மகனுக்குப் பாதிக்கு மேல் விளங்கியிருக்காது. ஆனால் வழக்காடும் காட்சியில் திரும்பி, "அம்மம்மா, நீதிமன்றம் எண்டால் கோர்ட்டா?" என்று கேட்டான். "ஓம் ராசா, கோர்ட்தான். பேசாமல் கேள்" என்றா அம்மா. அன்றைக்கு அவவுக்கு நித்திரை வரவில்லை.

நீங்களும் அறை போட யோசிக்கிறீர்கள் என்றால், கடைக்கு அம்மாவையோ அப்பாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். கடைக்காரர் கார் துரத்தும் காட்சிதான் போட்டுக் காட்டுவார். நீங்கள் உங்கள் ஃபோனில் இருந்து, இரண்டு பேர் மெதுவாகத் தமிழ் கதைக்கும் காட்சி ஒன்றைச் சப்டைட்டில் இல்லாமல் போடச் சொல்லுங்கள். அவர்களுக்கு விளங்கினால் மட்டும் விலையைக் கேளுங்கள்.