கடாரம் கொண்டானும் கடாரம் போனவனும்

"கடல் கடந்த தமிழன்" என்று தலைப்புக் கொடுத்துப் பேசக் கூப்பிட்டால் நம் பிரசங்கிகளுக்கு உற்சாகம் பிறந்துவிடுகிறது. உடனே ராஜேந்திர சோழனைக் கப்பலேற்றி விடுகிறார்கள். 1025-ஆம் ஆண்டு வாக்கில் அவன் படை கடாரத்தை வென்ற கதை எனக்கு மனப்பாடம். 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்தில் அதன் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடினார்கள். கொண்டாடட்டும், எனக்கு ராஜேந்திரன்மேல் கோபமில்லை.

ஆனால் கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா மாநிலம். திருச்சி, தஞ்சாவூர், சேலம் ஜில்லாக்களிலிருந்து கங்காணியின் பின்னால் போய், நாகப்பட்டினத்தில் கப்பலேறி, அந்தச் சீமையின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களும் கடல் கடந்த தமிழர்கள்தாம். மேடையில் அவர்களுக்கு இடம் கிடைப்பது அபூர்வம். இதை மறதி என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். வெட்கம் என்பது என் கட்சி.

சென்ற வருஷம் ஒரு நாள் காலையில், மண்ணச்சநல்லூரில் எங்கள் வீட்டு வாசலில் வாடகைக் கார் ஒன்று வந்து நின்றது. இறங்கிய அம்மாளுக்கு வயது அறுபதுக்கு மேலிருக்கும். கெடாவில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு துண்டுக் காகிதம். அதில் அவருடைய பாட்டனார் பெயரும், இங்கிலீஷ் எழுத்தில் சிதைந்துபோன எங்கள் ஊர்ப் பெயரும் இருந்தன. வயதானவர்கள் உள்ள வீடாக ஏறி இறங்கிக் கடைசியில் எங்களிடம் வந்திருந்தார்.

பெரியப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"கூலிக்குக் கப்பலேறினவங்க யாரும் எங்க வம்சத்திலே கிடையாதும்மா. வேற எடத்திலே விசாரிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்.

அது பொய். அதே பெயரில் என் தாத்தாவுக்கு ஓர் அண்ணன் இருந்தார், கெடாவுக்குப் போனார். பரண்மேல் தகரப் பெட்டியில் அவருடைய கடிதங்களை நான் பார்த்திருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. தபால்தலை சேர்க்கும் பைத்தியம். கெடாவின் பழைய தபால்தலையில் நெற்கதிர்க் கட்டுப் படம் போட்டிருக்கும். தலைகளை நனைத்து உரித்து எடுத்துக்கொண்டேன். உறைகளும் கடிதங்களும் வெந்நீர் அடுப்புக்குப் போயின. யாரும் தடுக்கவில்லை.

தெருக்கோடியில் ஓடிப்போய்க் காரை நிறுத்தினேன். அந்த அம்மாள் சொன்னது இதுதான்: 1943-இல் ஜப்பானியர் அவர் பாட்டனாரைச் சயாம் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவில்லை. இங்கேயோ, 1942-க்குப் பிறகு கடிதம் வராததால், "அங்கே ஒருத்தியைக் கட்டிக்கிட்டுப் பெத்தவளை மறந்துட்டான்" என்று என் கொள்ளுப்பாட்டி சாகும்வரை சபித்தாளாம். அந்த ரயில் பாதையில் மலேயாத் தமிழ்த் தொழிலாளிகள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் மாண்டார்கள். எங்கள் பெரிய தாத்தா அவர்களில் ஒருவரா? ஒரே ஒரு கடிதம் மிஞ்சியிருந்தால் தோட்டத்தின் பெயராவது தெரிந்திருக்கும். என் ஆல்பத்தில் ஏழு நெற்கதிர்க் கட்டுகள் இருக்கின்றன. அவை ஒன்றும் சொல்வதில்லை.

"கூலிக்காரனுக்கு ஏதப்பா சரித்திரம்?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். நார்வே தேசத்தாரைக் கேட்டுப் பார்க்கட்டும். 1825-இல் 52 பேர் ஒரு சிறிய பாய்மரக் கப்பலில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார்கள். அடுத்த நூறு வருஷத்தில் சுமார் எட்டு லட்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். பலர் ஏழைக் குடியானவர்கள். டெக்கோரா என்ற அமெரிக்க ஊரில் 1877-இல் ஆரம்பித்த காட்சிசாலையில் அவர்கள் கொண்டுபோன மரப்பெட்டிகளைச் சந்ததியார் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். 1925-இல் சரித்திரச் சங்கம் ஒன்றும் கண்டார்கள். எனக்குப் பொறாமை உண்டாக்குவது தாய்நாட்டில் இருந்தவர்கள் செய்த காரியம். நார்வேயின் ஊர்ச் சரித்திரப் புத்தகங்களில், பண்ணை பண்ணையாகக் குடும்பங்களை எழுதும்போது, அமெரிக்கா போன பிள்ளையையும் சேர்த்தே எழுதுகிறார்கள்.

நம்மவர்களைப் பற்றியும் காகிதம் உண்டு. அது வேறு தேசங்களில் இருக்கிறது. 1860 நவம்பர் 16-ந் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை டர்பனில் கொண்டுபோய் இறக்கியது. அது முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் சுமார் 1,52,000 பேர். பெயர், வயது, ஊர், உடம்பிலுள்ள தழும்பு வரை எழுதி வைத்தான் வெள்ளைக்காரன். அன்பினால் அல்ல, வாங்கிய சரக்குக்குக் கணக்கு. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் கொள்ளுப்பேரன்கள் ஊரைத் தேடுகிறார்கள்.

கங்காணியோடு மலேயாவுக்கும் இலங்கைக்கும் போனவர்களுக்கு அந்தப் பாக்கியமும் குறைவு. பெரும்பாலும் கங்காணியின் வாய்ச்சொல்லும் கடன் கணக்கும்தான். ஆகவே அவர்களுக்குச் சாட்சி நம் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது: ஒரு மணியார்டர் துண்டு, ஒரு கடிதம், ஸ்டூடியோவில் எடுத்த மங்கிய படம். சர்க்கார் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. சர்க்கார் நம் பரண்மேல் ஏறாது.

வெட்கப்பட என்ன இருக்கிறது? எங்கள் வீட்டுத் திண்ணை மலேயா மணியார்டரில் கட்டியது என்று என் தகப்பனார் ஒரு முறை வாய்தவறிச் சொல்லியிருக்கிறார். அதே திண்ணையில் உட்கார்ந்துதான் பெரியப்பா அந்த அம்மாளைத் திருப்பி அனுப்பினார்.

நானும் யோக்கியன் அல்ல. புதுமைப்பித்தன் 'துன்பக் கேணி'யில் தேயிலைத் தோட்டத்துக் கூலிகளை எழுதினார். நானோ என் நாவலில் கப்பலேறிய பாத்திரத்தைப் பினாங்கில் ஜவுளி வியாபாரி ஆக்கினேன். வாசகர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். பெரியப்பாவின் வெட்கம்தான் என் பேனாவிலும் இருந்தது.

உங்கள் வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கலாம். குப்பை என்று கழிப்பதற்கு முன்னால் பிரித்துப் படியுங்கள். போனவர் பெயர், போன ஊர், யாரோடு போனார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதி, ஊர் நூலகத்தில் ஒரு பிரதி கொடுங்கள்.

நான் ஆரம்பித்துவிட்டேன். முதல் பக்கத்தில் பெரிய தாத்தாவின் பெயர். அதன்கீழ் அந்த அம்மாளின் விலாசம். பெரியப்பாவிடம் காட்டினேன். படித்துவிட்டு மௌனமாகத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"அவரு போனது ஆடி மாசம்டா. கொள்ளிடத்திலே தண்ணி கரை புரண்டு போச்சாம். எங்க பாட்டி சொல்லும்" என்றார்.

அதையும் எழுதிக்கொண்டேன்.