எண்ணிக்கை பெரிதா, வெளிச்சம் பெரிதா?



பெருநாள் இரவு. மின்குமிழ் வெளிச்சத்தில், பேரப்பிள்ளையை மடியில் வைத்தபடி உம்மம்மா சிரிக்கிறார். கைத்தொலைபேசியில் படம் எடுக்கிறீர்கள். பார்த்தால், முகமெல்லாம் மணல் தூவியது போல் புள்ளிகள். "மெகாபிக்சல் காணாது, புதுசு வாங்க வேணும்" என்று வீட்டில் பேச்சு எழுகிறது. பணத்தை எடுக்குமுன் சற்றுப் பொறுங்கள்.

கமராவினுள் இருக்கும் சென்சரை, மழைக்கு முற்றத்தில் அடுக்கி வைத்த வாளிகளாக நினைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம்தான் மழை, ஒரு வாளி ஒரு பிக்சல். முற்றத்தைப் பெரிதாக்காமல், வாளிகளைச் சிறிதாக்கி எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் மழை கூடுமா? ஒவ்வொன்றிலும் விழுவது குறையும். இரவில் பல கைத்தொலைபேசிகள் நான்கு பிக்சல்களை ஒன்றாகச் சேர்ப்பதும் இதனால்தான்.

அப்படியானால் இனி முன்னேற்றம் எங்கிருந்து வரும்? விழும் வெளிச்சத்தை வீணாக்காமல் இருப்பதிலிருந்துதான்.

முதலாவது, இடம். 2021இல் சோனி நிறுவனம் சென்சரை மாடிவீடு போல அமைத்தது. மேலே ஒளியைப் பிடிக்கும் பகுதி, கீழே திரான்சிஸ்டர்கள். வாளியின் கொள்ளளவு ஏறக்குறைய இரட்டிப்பானது. 2023இல் அது கைத்தொலைபேசிக்கும் வந்துவிட்டது.

இரண்டாவது, நிறம். 1976இல் காப்புரிமை பெற்ற பேயர் முறைப்படி, ஒவ்வொரு பிக்சலின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என ஒரு வடிகட்டி இருக்கிறது. வரும் ஒளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே தடுக்கப்படுகிறது. தடுக்காமல், நிறம் நிறமாகப் பிரித்து அனுப்பும் வழியை 2013இல் பனசோனிக் செய்து காட்டியது. அது கைகூடினால் பெரும் இலாபம்.

மூன்றாவது, அளவை. வாளியை அளக்கும்போது நேரும் சிறு பிழையும் அந்தப் புள்ளிகளுக்கு ஒரு காரணம். இன்றைய கைத்தொலைபேசிகளிலுள்ள சென்சர் வகையை 1990களில் உருவாக்கிய எரிக் ஃபொசம், 2005இல் வேறொரு வழியைச் சொன்னார்: அளக்காமல், துளித்துளியாக எண்ணுவது. 2017இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் அவரது குழு, ஒளித்துணிக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணும் பத்து இலட்சம் பிக்சல் சென்சரைக் குளிரூட்டாமலே இயக்கிக் காட்டியது.

ஆகவே, கடைக்காரர் எண்ணைச் சொன்னால், நீங்கள் சென்சரின் அளவைக் கேளுங்கள். கடையின் மங்கலான மூலையில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

அதற்கு முன், இன்றிரவே உம்மம்மாவை விளக்கருகில் அமர்த்தி, கை ஆடாமல் ஒரு படம் எடுத்து வையுங்கள். நல்ல சென்சர் நாளைக்கும் வரும். உம்மம்மாவின் நாளை நம் கையில் இல்லை.