ப்ளாட் ரெடி... வீடு எங்கே பாஸ்?

இந்த வாரம் நம்ம தென்காசி ஏரியா. சாரல், அருவி, பார்டர் பரோட்டா பத்தியெல்லாம் ஏற்கெனவே எக்கச்சக்கமா எழுதிட்டாங்க. நமக்கு சிவில் மூணாம் வருஷம். அதனால கண்ணில் படுறது வேற ஐட்டம். வயலுக்கு நடுவில் நட்டு வெச்சிருக்கிற வெள்ளைக் கல்!

தென்காசி பஸ் ஸ்டாண்டில் இருந்து பாவூர்சத்திரம், கடையநல்லூர், செங்கோட்டை... எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் சரி, ஜன்னல் சீட்டைப் பிடிச்சுக்கங்க. ஒரு ஆர்ச், நாலு கலர் கொடி, ஏதோ ஒரு 'நகர்'னு போர்டு, உள்ளே கொஞ்சம் ரோடு, வரிசையா கல்லு. வீடு? அஞ்சாறு தேறினா ஜாஸ்தி. மீதி இடத்தில் ஆடு மேயுது. ஆனா, அதே தென்காசிக்கு வேலைக்கு வர்ற ஒருத்தர் வாடகைக்கு வீடு தேடினா, 'டூ-லெட்' போர்டைப் பார்க்கவே புரோக்கர் அண்ணாச்சி தயவு வேணும்.

2011 சென்சஸ்படி தென்காசி நகராட்சி மக்கள்தொகை 70 ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டும். அந்த 2011-ல்தான் தென்காசிப் பக்கம் ஜோஹோ ஆபீஸ் வந்தது. 2019 நவம்பரில் திருநெல்வேலியிலிருந்து பிரிஞ்சு தென்காசி தனி மாவட்டமே ஆயிடுச்சு. கலெக்டர் ஆபீஸ், எஸ்.பி. ஆபீஸ்னு வந்தா கூடவே கிளார்க், போலீஸ், டிரைவர், அவங்க குடும்பம்னு எல்லாரும் வருவாங்கல்ல? இவங்களுக்கெல்லாம் வேணும்கிறது ஊருக்குள்ளே சின்னதா ஒரு வாடகை வீடு. மார்க்கெட் நீட்டுறதோ ஊருக்கு வெளியே மூணு செண்ட் மனை!

மனைங்கிறது நம்ம ஊரில் வீடு கட்டுறதுக்கு இல்லைங்க. அது தங்கம் மாதிரி. 'வாங்கிப் போடு, பொண்ணு கல்யாணத்துக்கு ஆகும்' அப்படிங்கிற கேஸ். எங்க வீட்டிலேயும் ஒண்ணு இருக்கு. கல்லு மட்டும் நிக்குது. முன்னாடி அப்ரூவல்கூடப் பார்க்க மாட்டாங்க. 2016-ல் சென்னை ஐகோர்ட் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு பண்ணத் தடை போட்ட பிறகுதான் பலருக்கும் 'டி.டி.சி.பி.'ங்கிற வார்த்தையே அறிமுகம். 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டு வந்து பழைய மனைகளுக்கு ஒரு வழி பண்ணுச்சு. பேப்பர் சரியாச்சு. வயல் திரும்ப வரலை.

அஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற குற்றாலம் கதை இன்னும் சூப்பர். ஜூன்ல சாரல் ஆரம்பிச்சா சும்மா கிடக்கிற ரூம் எல்லாம் லாட்ஜ். சீசன்ல ஒரு வாரம் விட்டா வர்ற காசு, மாச வாடகைக்கு விட்டா எப்ப வரும்? அதனால குடியிருக்க வர்றவங்களுக்கு வீட்டுக்காரர் கதவே திறக்கிறதில்லை. லாட்ஜில் பெட்ஷீட் மாத்துற அக்கா, அருவிக்கரையில் எண்ணெய் மசாஜ் போடுற அண்ணன், சிப்ஸ் கடையில் நேந்திரங்காய் சீவுற பையன்... சீசனை நடத்துறதே இவங்கதான். ராத்திரி பஸ் பிடிச்சு வேற ஊருக்குப் போய்த்தான் தூங்கணும். இன்னொரு பக்கம் ரிசார்ட்டுகள். ஓடைத் தண்ணியைத் திருப்பி சொந்தமா அருவி செஞ்சவங்களை நிறுத்த, 2022-ல் ஐகோர்ட் மதுரைக் கிளையே தலையிட வேண்டியதாப் போச்சு.

'அப்போ அபார்ட்மென்ட் டவரா கட்டச் சொல்றியா? மலை மறைஞ்சிடுமே!'ன்னு கேப்பீங்க. இல்லை பாஸ். கொஞ்சம் கால்குலேட்டரை எடுங்க. ஒரு ஏக்கர்னா 43,560 சதுர அடி. ரோடு, பொது இடம்னு 30 சதவிகிதம் போனா, 1,200 சதுர அடி மனையா 25 கிடைக்கும். 25 குடும்பம். அதே ஏக்கரில் 30 சதவிகித இடத்தில் மட்டும் கட்டடம், தரைத்தளமும் மேலே மூணு மாடியும். படிக்கட்டு, சுவர்னு அஞ்சில் ஒரு பங்கைக் கழிச்சாலும், 500 சதுர அடி வீடு 83 வரும்! லிஃப்ட் இல்லாமலே ஏறிடலாம், தென்னை மரத்தைவிட உயரமும் இல்லை. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் நில அளவைப் போல ரெண்டு மடங்கு கட்ட அனுமதிக்குது. நம்ம கணக்கு 1.2 மடங்குதான். ஒரு வீட்டுத் தலையில் விழுற நிலத்தோட விலை மூணில் ஒரு பங்குக்கும் கீழே போயிடும். சிமென்ட், கம்பி செலவு குறையாதுதான். ஆனா, பாக்கி வயல் பிழைக்கும்.

இது ஏதோ ஃபாரின் ஐடியான்னு நினைக்காதீங்க. நம்ம திருநெல்வேலிச் சீமையில் 'வளவு'ன்னு ஒண்ணு உண்டே, மறந்துட்டீங்களா? ஒரு வாசல், நடுவில் முற்றம், ஒரே கிணறு, சுத்தி ஏழெட்டுக் குடும்பம். அதுதான் நெருக்கமான குடியிருப்பு. அதையே பெருசா வியன்னாவில் செஞ்சாங்க. 1930-ல் திறந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் குடியிருப்பில் 1,382 வீடு. மொத்த நிலத்தில் கட்டடம் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை, மீதியெல்லாம் தோட்டமும் விளையாடுற இடமும். நகராட்சியே கட்டி வாடகைக்கு விட்டுச்சு.

நெருக்கமா கட்டினா மட்டும் போதாது, எங்கே கட்டுறோம்கிறதுதான் மேட்டர். சென்னையில் கூவம் கரையிலிருந்தும் வேற குடிசைப் பகுதிகளிலிருந்தும் ஆட்களைக் கிளப்பி, 2000-லிருந்து கண்ணகி நகரில் கொண்டு போய் வெச்சாங்க. 15 ஆயிரத்துக்கும் மேல் வீடு. வீடு கிடைச்சது, வேலை போச்சு. பழைய வேலைக்குப் போக பஸ் காசே சம்பளத்தைத் தின்னுடுச்சு. அதனால தென்காசியில் குறைஞ்ச வாடகை வீடு வந்தா, அது பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் வரணும்.

சட்டத்திலும் ஒரு நல்ல விஷயம் இருக்கு. 10 ஆயிரம் சதுர மீட்டர், அதாவது சுமார் ரெண்டரை ஏக்கர், தொட்டா லேஅவுட்டில் ரோடு போக 10 சதவிகிதம் பொருளாதாரத்தில் நலிந்தவங்களுக்கு ஒதுக்கணும். ரெண்டரை ஏக்கருக்குக் கொஞ்சம் கம்மியா போட்டா? ஒதுக்க வேண்டாம். கணக்குத் தெரியாதவங்களா நம்ம புரோமோட்டர்கள்! 2024-ல் வந்த சுயசான்று திட்டத்தில் 2,500 சதுர அடி வரைக்கும் உள்ள மனைக்கு ஆன்லைனில் உடனே கட்ட அனுமதி. ரொம்ப நல்லது. மனை இருக்கிறவங்களுக்கு!

இந்த 83 வீட்டுக் கணக்கை எங்க அம்மாகிட்ட காட்டினேன். "மாடியில் இருந்தா மண்ணு யாரு பேருல இருக்கும்?"னு கேட்டாங்க. நியாயமான கேள்வி. பிரிக்கப்படாத பங்குன்னு பத்திரத்திலேயே எழுதுவாங்கம்மா, ஆளுக்கு 525 சதுர அடி, ஒண்ணேகால் செண்ட்டுக்குக் கொஞ்சம் கம்மின்னு விளக்கினேன். அம்மா ரொம்ப நேரம் யோசிச்சாங்க.

"சரி, காரை எங்கே நிறுத்துறது?"

எங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு டி.வி.எஸ். ஃபிஃப்டி!