குளிரிலும் வருமானச் சோதனை

பிரிட்டனில் ஓய்வூதியர்களுக்குக் குளிர்கால எரிபொருள் உதவித்தொகையை 1997இல் கொண்டுவந்தது தொழிற்கட்சி அரசு. அதை வெட்டியதும் தொழிற்கட்சி அரசே. 2024 ஜூலையில், ஆட்சிக்கு வந்த அதே மாதத்தில், நிதிப் பற்றாக்குறையைக் காட்டி நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் இதனை அறிவித்தார். ஒரு கோடிக்கும் மேற்பட்ட முதியோர் பெற்றுவந்த 200 முதல் 300 பவுண்டு வரையிலான தொகை, பென்ஷன் கிரெடிட் போன்ற வறியோர் உதவிகளைப் பெறும் சுமார் 15 லட்சம் பேருக்கு மட்டும் எனச் சுருங்கியது.

‘வசதி படைத்தோருக்கு எதற்கு உதவி?’ என்ற வாதம் நியாயமாகவே ஒலிக்கும். ஆனால், தகுதியிருந்தும் பென்ஷன் கிரெடிட்டுக்கு விண்ணப்பிக்காதோர் அங்கே லட்சக்கணக்கில் உள்ளனர். வருமான வரம்பைச் சில பவுண்டுகளே தாண்டியவர்களும் உதவியை இழந்தனர். செல்வந்தரை விலக்குவதாகச் சொன்ன சல்லடை வறியவரையும் வெளியே தள்ளியது.

தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. ஆளுங்கட்சியின் மாநாடே வெட்டுக்கு எதிராக வாக்களித்தது. 2025 மே உள்ளாட்சித் தேர்தல்களில் அக்கட்சி பலத்த அடி வாங்கியது. ஜூனில் அரசு பின்வாங்கி, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டு வரை உள்ளோர்க்கு உதவியை மீட்டளித்தது.

இந்தியாவிலும் முதியோர் ஓய்வூதியத்தை வறுமைக்கோடு என்னும் சல்லடையே அளக்கிறது. அதைக் கடந்து வருவோருக்கும், 80 வயதுக்குக் கீழ் எனில், ஒன்றிய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய்தான். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அது உயரவில்லை. அனைவருக்குமான ஓய்வூதியம் என்ற கோரிக்கையைக் கைவிடாமல் முன்னெடுப்பதே பிரிட்டன் அனுபவம் உணர்த்தும் பாடம்.