கூலியல்ல மோட்சம்

நல்லவனாக நடந்தால் மோட்சம், கெட்டவனாக நடந்தால் நரகம். எல்லா மதங்களும் இதைத்தான் சொல்லுகின்றன, கிறிஸ்தவமும் இதைத்தான் சொல்லுகிறது என்னும் எண்ணம், வில்லியனூர்க் கடைத்தெருவிலும் பாகூர் ஏரிக்கரையிலும், ஏனையோரிடத்தில் மட்டுமன்றி, ஞாயிறுதோறும் பூசை காணத் தவறாத கிறிஸ்தவர்களிடத்திலும் ஐயத்துக்கு இடமில்லாத உண்மைபோல நிலைபெற்றிருக்கிறது. சமய சமரசத்தின் பெயரால் பேசப்படுவதால் அதற்கு ஒரு கௌரவமும் வாய்த்திருக்கிறது. ஆயினும் அது பிழை. கிறிஸ்தவம் எந்தச் செய்தியைச் சொல்வதற்காகவே பிறந்ததோ அந்தச் செய்தியையே இல்லாமற் செய்துவிடுகிற பெரும் பிழை.

மனிதன் தன் சுய முயற்சியாலேயே பாவமின்றி வாழ்ந்து கரையேற வல்லவன் என்று போதித்த பெலாஜியுஸ் என்பவரின் கொள்கையை, 418-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் நிராகரித்தது. 529-இல் ஒராஞ்சுச் சங்கமோ, கடவுளை நாடத் தொடங்கும் முதல் ஆசைகூட அவருடைய பிரசாதமாகிய அருளாலேயே எழுகிறது என்று தீர்மானித்தது. லூத்தருக்கு எதிராகக் கூடிய திரெந்துப் பொதுச்சங்கமும், 1547-இல், தேவ பிரசாதமின்றித் தன் கிரியைகளாலேயே மனிதன் நீதிமானாகலாம் என்பவனைத் தன் முதல் விதியிலேயே சபித்தது. 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லூத்தரன் போதகர் சீகன்பால்குவின் வழியினரும், புதுவைக் கத்தோலிக்கக் குருமாரும், இதே கடற்கரையில் எத்தனையோ விஷயங்களில் மாறுபட்டு நின்றவர்களாயினும், மீட்பு பிரசாதத்தாலேயே என்னும் இந்த ஒன்றை இரு திறத்தாரும் மறுக்கவில்லை. 1999 அக்டோபர் 31-ஆம் நாள் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் உலக சம்மேளனத்தாரும் கையொப்பமிட்ட கூட்டறிக்கை அதனை உலகறியச் செய்தது.

சாஸ்திரிகளின் தீர்மானங்கள் ஒருபுறம் இருக்கட்டும். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் இருபதாம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டக் கூலியாட்களின் உவமையை, நடவுக்கும் அறுப்புக்கும் நாட்கூலிக்குப் போகும் பாகூர்ப் பெண்களிடத்தில் சொல்லிப் பாருங்கள். விடியற்காலையில் இறங்கி வெயிலெல்லாம் சுமந்தவருக்கும், பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கையில் வந்து சேர்ந்தவருக்கும், தோட்டக்காரர் ஒரே கூலியைக் கொடுக்கிறார். இது அநியாயம் என்று அந்தப் பெண்கள் சொல்லுவார்கள். உவமையிலேயே காலையில் வந்தவர்களும் அப்படித்தான் முறுமுறுக்கிறார்கள். அந்த முறுமுறுப்பு எழவேண்டும் என்பதற்காகவே இயேசு அந்தக் கதையைச் சொன்னார் என்பது என் துணிபு. மாலை வரையில் எவரும் அழைக்காமையால் வீதியில் நின்றவனுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதே தோட்டக்காரரின் கணக்கு. தன் கணக்கில் தனக்கு மோட்சமில்லை என்று தானே தீர்ப்பெழுதிக்கொண்டு, கோயில் வாசலை மிதிக்க நாணிச் சாராயக் கடையிலேயே பொழுதைக் கழிக்கிற ஒருவனுக்கு, நல்லவனுக்கு மோட்சம் என்னும் போதனை எந்த வழியைத் திறந்துவிடும்? இயேசுவின் அருகே சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு, ஒரு நற்கிரியையாவது செய்து காட்டக் கையும் இல்லை, காலமும் இல்லை. அன்றைக்கே அவனுக்குப் பரகதி வாக்களிக்கப்பட்டது.

வில்லியனூர் லூர்து மாதா திருத்தலத்துக்கு, ஈஸ்டரை அடுத்து வரும் திருவிழாவில், சாதி மத பேதமின்றி வந்து மெழுகுவர்த்தி ஏற்றி, மொட்டையடித்து, குளத்து நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு செல்லும் ஜனங்களை நான் இகழேன். பெற்ற நன்மைக்கு நன்றியாகச் செலுத்தப்படும் நேர்ச்சை பக்தியின் அழகான வெளிப்பாடு. பெறப்போகும் நன்மைக்கு விலையாக அது மாறும்போதுதான் கேடு விளைகிறது; அந்த மாற்றத்தைக் கண்டும் காணாதிருக்கும் உபதேசிகளையே நான் கண்டிக்கிறேன்.

இந்த அருட்கொள்கை அந்நிய நாட்டுச் சரக்கு என்று எவரும் ஒதுக்க வேண்டாம். பாகூருக்குத் தெற்கே, கெடிலக் கரையிலுள்ள திருவந்திபுரத்தில் நெடுங்காலம் வாழ்ந்தவர் வைஷ்ணவத்தின் வடகலை ஆசாரியரான வேதாந்த தேசிகர். தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைப் போல ஜீவன் பற்றவேண்டும் என வடகலையாரும், தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைப் போலச் சும்மா இருந்தாற் போதும் எனத் தென்கலையாரும் வாதிட்டபோதிலும், சுமந்து செல்வது தாயே என்பதில் இருவருக்கும் பேதமில்லை. ஆகவே, எல்லா மதமும் கூலிக் கணக்கையே சொல்லுகிறது என்பவர்கள் கிறிஸ்தவத்தை மட்டுமன்று, தம் அண்டையூர் வைஷ்ணவத்தையும் அறியாதவர்களே.

இனி, மோட்சத்தைச் சம்பாத்தியமாகக் கருதுவதன் பலன் என்ன? சம்பாதித்தவன் சம்பாதிக்காதவனைத் தாழ்வாக நோக்குவான். சின்னப்பர் (பவுல்), விசுவாசத்தினாலேயே மனிதன் நீதிமானாகிறான் என்று கலாத்தியருக்கு வாதித்து எழுதும் இடத்தைக் கவனியுங்கள்: அந்தியோக்கியாவில், புறவினத்தாரோடு உண்டுகொண்டிருந்த இராயப்பர் (பேதுரு), யெருசலேமிலிருந்து சிலர் வந்ததும் அஞ்சிப் பந்தியை விட்டு விலகினார், அதற்காக அவரை முகத்துக்கெதிரே கண்டித்ததைச் சொல்லி, அதன் தொடர்ச்சியாகவே அந்தப் பெரிய உபதேசத்தை அவர் எடுத்துரைக்கிறார். ஒரே பந்தியில் அமர்வது பற்றிய சச்சரவினூடே நமக்குக் கிடைத்தது அந்த உபதேசம். அதைப் பெற்ற புதுவைச் சபையிலோ, கோயிலுக்குள்ளேயே பறையர் ஒருபுறமும் மற்றவர் ஒருபுறமுமாகப் பிரித்து நின்ற சுவரையும், 1745-இல் அதன்மேல் எழுந்த கலகத்தையும் ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். சுவரை இடிப்பதோடு அது தீர்ந்துவிடவில்லை. புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த எறையூரில், 2008 மார்ச்சில், கிறிஸ்தவர்களுக்குள்ளேயே மூண்ட சாதிக் கலவரம் போலீசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கும் இரண்டு உயிர்களின் நஷ்டத்துக்கும் இடமாயிற்று. இலவசமாகப் பெற்றோம் என்று மெய்யாகவே நம்புகிறவன் எந்த உரிமையைக் கொண்டு மற்றவனைத் தள்ளி நிறுத்துவான்?

பிரசாதமே எல்லாம் என்றால் தர்மம் எதற்கு, மனம்போனபடி வாழலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்வியைச் சின்னப்பரே உரோமையருக்கு எழுதிய நிருபத்தில் எழுப்பி, ஒருபோதும் கூடாது என்று மறுத்திருக்கிறார். பசித்தவனுக்கு அன்னமிடாதவனைக் கிறிஸ்து தள்ளுவார் என்பதும் அதே வேதத்தில் உள்ளதே. அதை ஒரெழுத்தும் குறைக்க நான் துணியேன். நான் வற்புறுத்துவது எது முன், எது பின் என்பதை. எரிக்கோ நகரத்து ஆயக்காரனான சக்கேயு, தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகவும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்புவதாகவும் சொன்னது, இயேசு அவனை மரத்திலிருந்து இறங்கச் சொல்லி, ஊரார் முறுமுறுக்க அவன் வீட்டு விருந்தினராகச் சென்ற பிறகே.